தையல் மெசினுக்கு ஒரு வாக்கு

1

ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு வாக்குப் போடுவது ஒரு காலை வேலை. குளிக்கிறீர்கள், தோய்த்து மடித்த சேட்டைப் போடுகிறீர்கள், பள்ளிக்கூடம் வரை நடக்கிறீர்கள், வழியில் நாலு பேரோடு கதைக்கிறீர்கள், போட்டுவிட்டு வந்து மத்தியானச் சோற்றுக்கு மீன் வாங்கப் போகிறீர்கள். என் மனைவி வதனி அதற்காகச் சிட்னியில் விமானம் ஏறினாள். சிங்கப்பூரில் இறங்கி, இன்னொன்றில் ஏறி, கொழும்பில் இறங்கி, அங்கிருந்து ரோட்டால் சாவகச்சேரி. கலியாண வீடு இல்லை, செத்த வீடு இல்லை, காணிப் பிரச்சினை இல்லை. ஜனாதிபதித் தேர்தலில் ஒரேயொரு வாக்குப் போட்டுவிட்டுத் திரும்பி வர.

எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி குகன் அண்ணை இருக்கிறார். தபால் பிரிக்கிற வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். வென்வேர்த்வில் என்கிற எங்கள் சிட்னிப் புறநகரில் கீரை நட்டு, அந்தக் கீரையைக் கொண்டுவந்து கொடுக்கிற சாட்டில் எல்லா வீட்டுச் செய்தியையும் அறுவடை செய்கிறவர். வதனி பெட்டி அடுக்குகிற நேரம் பார்த்து முளைக்கீரையோடு வந்தார்.

"தம்பி, மனிசி கோவிச்சுக்கொண்டு தாய்வீட்டை போகுதெண்டு சொல்லு, நம்புறன். வாக்குப் போடப் போகுதெண்டு மட்டும் சொல்லாதை."

அறைக்குள்ளிருந்து வதனியின் குரல் வந்தது. "உங்கட ஆளைத் தோக்கடிக்கத்தான் போறன் அண்ணை."

"ஒரு வாக்கிலையோ?"

"ஒரு வாக்கிலை தோத்தாலும் அது தோல்விதானே?"

குகன் அண்ணையின் ஆள் பெரிய கட்சிக்காரர். முன்னாள் மந்திரி, எல்லாச் சுவரிலும் சிரித்துக்கொண்டு நிற்கிறவர். வதனியின் ஆளுக்கு ஒட்டுவதற்கு ஒரு சுவர்கூடக் கிடைக்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவே கீரைக்கட்டோடு நான் நின்றேன். எனக்கு ஆளும் இல்லை, அங்கே வாக்கும் இல்லை. ஒரு குடியுரிமையைச் சுமக்கவே எனக்கு மூச்சு வாங்குகிறது.

2

வதனிக்கு அங்கே வாக்கு வந்தது தனிக்கதை.

இரட்டைக் குடியுரிமைக்கு அவள் விண்ணப்பித்தபோது, முதலில் அவள் பிறந்ததை நிரூபிக்கச் சொன்னார்கள். அவள் நேரில் போய் நின்றாள். பிறந்ததற்கு அது போதவில்லை. பிறப்புப் பதிவுப் புத்தகம் இருந்த கச்சேரி அலுவலகம் ஒரு காலத்தில் எரிந்திருந்தது, அல்லது இடம் மாறியிருந்தது, அல்லது அந்தப் புத்தகம் மட்டும் மாறியிருந்தது. மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். கடைசியில் அவளின் தம்பி நந்தன்தான் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிப் பிரதி எடுத்தான். குடியுரிமை வந்த பிறகு கிராம அலுவலரைப் பிடித்து, தங்கள் வீட்டு விலாசத்தில் அவளை வாக்காளர் இடாப்பில் ஏற்றியதும் அவன்தான். நந்தனும் பெரிய கட்சிக்காரன், ஊரில் அவர்களின் அமைப்பாளன். அக்கா வந்து தன்னுடைய ஆளுக்குப் போடுவா என்ற நம்பிக்கையில்தான் அத்தனை படியும் ஏறினான், பாவம்.

நாங்கள் கலியாணம் முடித்த புதிதில் எங்கள் இருவருக்கும் ஒரு தேர்தலுக்கு வாக்காளர் அட்டை வந்தது. அதற்கு முந்திய தேர்தல்களின்போது நாங்கள் எங்கேயோ இடம்பெயர்ந்து நின்றோம். இந்தமுறை அட்டை கைக்கே வந்துவிட்டது என்று வதனி அதை விசிறி மாதிரி விசிறிக்கொண்டு திரிந்தாள். வாக்களிப்பு நாளன்று விடிந்தபோது ரோட்டில் ஒரு சைக்கிளும் இல்லை. யாரும் வாக்குப் போடப் போகவேண்டாம் என்று இயக்கத்திடமிருந்து செய்தி வந்திருந்தது. யாரும் போகவில்லை. படலைக்குள் நின்று அவள் வெறும் ரோட்டைப் பார்த்தாள். நான் உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டேன். "ஒருத்தரும் வரேல்லை, ஆனா நேரம் முடியுமட்டும் நிப்பம்" என்றாள். நேரம் முடிந்தது. அடுத்த வருடம் நாங்கள் ஊரில் இல்லை.

அவுஸ்திரேலியா வந்து குடியுரிமை எடுத்த பிறகு அவள் தவறாமல் வாக்குப் போடுகிறாள். போடாவிட்டால் தண்டப்பணம். பள்ளிக்கூட வாசலில் சனிக்கிழமை காலையில் சொசேஜ் சுடுவார்கள். நாங்கள் வரிசையில் நின்று, "சொசேஜ் வேண்டாம், பாணும் வெங்காயமும் மட்டும் தாங்கோ" என்று கேட்டு வாங்குவோம். சுடுகிற வெள்ளைக்காரர் ஒவ்வொருமுறையும் இரக்கத்தோடு இன்னும் கொஞ்சம் வெங்காயம் அள்ளிப் போடுவார். இந்த நாட்டு ஜனநாயகம் எங்களுக்கு வெங்காய மணம்.

"இது கட்டாயத்திலை போடுற வாக்கு," என்று வதனி ஒருநாள் பாணைக் கடித்தபடி சொன்னாள். "அங்க நான் ஆசையிலை ஒண்டு போடவேணும்."

3

அவளின் ஆசைக்கு வந்து வாய்த்தவர் ஒரு பொறியியலாளர். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், சுயேச்சை. சின்னம் தையல் மெசின். அவருக்கும் தையலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. மிஞ்சிக் கிடந்த சின்னத்தைக் கொடுத்திருந்தார்கள். மேடையில் ஏறினால் நிலத்தடி நீரைப் பற்றி மட்டும் பேசுவார். கிணறுகள் ஏன் உவர்க்கின்றன, குளத்துக் கட்டு ஏன் கசிகிறது, மழைநீர் ஏன் கடலுக்குப் போகிறது. கைதட்டல் வரவேண்டிய இடத்தில் தண்ணீர் குடிப்பார். வெல்லவே மாட்டார் என்பது அவருக்கும் தெரியும், ஒலிபெருக்கிக்காரனுக்கும் தெரியும்.

வதனி இங்கே ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். நாள் முழுக்கச் சிட்னிக் குழாய்த் தண்ணீரைச் சின்னக் குப்பிகளில் ஊற்றிப் பார்க்கிற வேலை. தண்ணீரைப் பற்றிப் பேசுகிற ஒருவர் ஜனாதிபதித் தேர்தலில் நிற்கிறார் என்று கண்டதும், கோயில் திருவிழாவில் சொந்தக்காரரைக் கண்டதுபோல அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பரமற்றாவுக்குப் போகிற ரயிலில் இருந்தபடியே ஊர்ப்பக்கம், தென்மராட்சியில் இருக்கிற சித்தி, மாமி, கூடப் படித்தவர்கள், கூடப் படித்தவர்களின் மாமிமார் எல்லாரையும் கூப்பிட்டுப் பிரசாரம் செய்தாள். நான் ரயில் நிலையத்தில் வேலை செய்கிறவன். எங்கள் மேடையில் ரயில் நிற்கும்போது பெட்டிக்குள்ளிருந்து அவளின் குரல் கேட்கும். "மாமி, உங்கட கிணத்துத் தண்ணியிலை தேத்தண்ணி எப்பிடி இருக்கு? அப்ப மெசினுக்குப் போடுங்கோ." கதவு மூடும். ஒரு வேட்பாளரைச் சுமந்துகொண்டு ரயில் போகும்.

எங்கள் மகள் அபி பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். தாயின் இந்த வேகத்தை அவள் ஒரு நாடகத் தொடரைப் போலப் பார்த்தாள். பக்கத்தில் இருந்து பார்த்தாள், ஆனால் எட்டத்தில் இருந்தாள். அதற்கு அவள் வைத்த பெயர் 'அம்மாட இலெக்ஷன்'. ஒருநாள் கேட்டாள்: "அப்பா, அந்த அங்கிள் வெல்லமாட்டார் எண்டு எல்லாருக்கும் தெரியும். தென் வை?"

"வெல்லுறவருக்குப் போட எல்லாரும் இருக்கினம்," என்று குசினிக்குள்ளிருந்து பதில் வந்தது.

"தட்ஸ் நொட் அன் ஆன்சர்," என்று முணுமுணுத்துவிட்டு அபி மாடிக்குப் போனாள். ஆனால் இரண்டு படி ஏறி நின்று, தாய் அடுத்து என்ன சொல்கிறாள் என்று காது கொடுத்ததை நான் கண்டேன்.

4

எங்கள் நாட்டு ஜனாதிபதித் தேர்தலில் கடைசிக் கிழமை என்பது தனியாக ஒரு பருவகாலம். மாரி, கோடை மாதிரி. அதுவரை உறங்கிக் கிடந்ததெல்லாம் அந்த நாட்களில் முளைக்கும். நேற்றுவரை திட்டிக்கொண்டவர்கள் கட்டிப்பிடிப்பார்கள். யாரோ யாரோடோ பேசிய ஒலிப்பதிவு காற்றில் இறங்கும். மேடைக்கு வலப்பக்கத்தால் ஏறிய மந்திரி இடப்பக்கத்தால் இறங்கும்போது வேறு கட்சியில் இருப்பார். இங்கே அவுஸ்திரேலியாவில் கடைசிக் கிழமை அதிர்ச்சி என்றால், பால் போத்தலின் விலை தெரியாமல் ஒரு தலைவர் முழித்தார் என்பதுதான். அதை மூன்று நாள் அலசுவார்கள். அந்த மூன்று நாளும் வதனி கொட்டாவி விடுவாள்.

அவள் புறப்பட்டது வியாழக்கிழமை. வாக்களிப்பு சனிக்கிழமை. பிரசாரம் புதன் இரவோடு ஓய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு யாரும் கூட்டம் வைக்கக்கூடாது, வாக்குக் கேட்கக்கூடாது. இனி அமைதி என்று நினைத்துக்கொண்டு நான் பின்னேர வேலையில் நின்றேன். ஒரு ரயிலை அனுப்பிவிட்டுத் திரும்ப, குகன் அண்ணையின் அழைப்பு.

"தம்பி, படம் பாத்தனியோ? உங்கட மெசினிலை நூல் அறுந்திட்டுது."

அனுப்பினார். பெரிய கட்சிக்காரரும் பொறியியலாளரும் ஒரே மேடையில். இரண்டு பேரின் கழுத்திலும் கையளவு தடிப்பில் மாலை. பெரியவர் பொறியியலாளரின் கையைப் பிடித்து உயர்த்துகிறார். கீழே எழுதியிருந்தது: தையல் மெசின் விலகியது, தலைவருக்கே ஆதரவு.

வதனி அந்த நேரம் சிங்கப்பூருக்கு மேலே எங்கேயோ. அவள் போகிறது ஒரு பெயருக்கு நேரே ஒரு இலக்கம் போட. அந்தப் பெயர் இப்போது மாலை போட்டுக்கொண்டு மற்றவரின் கையில் தொங்குகிறது. வாக்குச்சீட்டை எப்போதோ அச்சடித்துவிட்டார்கள், பெயர் அதில் இருக்கும், ஆள் இருக்கமாட்டார்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்து அபியிடம் காட்டினேன். அவள் படத்தை விரலால் பெருப்பித்துப் பார்த்தாள்.

"அப்ப அம்மா ஏன் போறா?"

"அதுதான் பிரச்சினை."

"அப்பா, ஜஸ்ற் ரெல் ஹெர். அவ சின்னப் பிள்ளை இல்லை."

எழுதினேன். 'உன்ர ஆள் விலகிட்டாராம்.' அழித்தேன். 'ஒரு செய்தி வந்திருக்கு, பதட்டப்படாதை.' அதைப் படித்தால் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைப்பாள். அழித்தேன். இருபது வருடத்துக்கு மேலாக ஒன்றாக வாழ்ந்தவன் அனுப்பக்கூடிய ஒரே வசனத்தைக் கடைசியில் அனுப்பினேன்: 'சாப்பிட்டியோ?'

சிங்கப்பூர் விமான நிலையத்தில் இருந்து பதில் வந்தது. 'படம் பாத்திட்டன். சாப்பிட்டனான்.'

உடனே எடுத்தேன். பின்னால் ஏதோ விமானத்துக்கு யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வதனி, திரும்பி வாறியோ?"

"ஏன்?"

"இல்லை... அவர்தான்..."

"அவர் விலகலாம். நான் விலகேல்லை," என்றாள். பிறகு, "வைக்கிறன், வரிசை நகருது," என்று வைத்துவிட்டாள்.

5

கொழும்பு விமான நிலையத்தில் நந்தன் வாயெல்லாம் பல்லாக நின்றானாம். "அக்கா, இனி நாங்கள் ஒரே பக்கம்!" பெட்டியைத் தூக்கி வாகனத்தில் வைத்தபோதும் சிரித்தானாம். வதனி பின் இருக்கையில் நித்திரைபோல நடித்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை. இங்கே எனக்கு மத்தியானம். காணொளியில் சாவகச்சேரி முற்றம் தெரிந்தது. நந்தன் கிணற்றடியில் நின்று பல் தீட்டினான். வதனி பொறியியலாளரின் துண்டுப் பிரசுரத்தைக் கையில் வைத்திருந்தாள். மற்ற வேட்பாளர்கள் பின்பக்கத்தில் வாக்குறுதிகளை அடித்திருந்தார்கள். இவர் தன்னுடைய தொலைபேசி இலக்கத்தை அடித்து, 'கிணறு உவர்த்தால் கூப்பிடுங்கள்' என்று போட்டிருந்தார்.

"எடுத்துக் கேக்கப்போறன்," என்றாள்.

"என்னெண்டு?"

"ஏன் விலகினனீங்கள் எண்டு. எனக்குக் கேக்க உரிமை இருக்கு. நான்தான் இவ்வளவு தூரத்திலை இருந்து வந்தனான்."

நந்தனின் இரண்டு தொலைபேசிகளில் ஒன்றை வாங்கி ஒலிபெருக்கியில் போட்டாள். ஒரு பெண் எடுத்தார். "ஆர்?"

"ஐயாவோடை கதைக்கலாமோ?"

"அவர் கிணத்துக்கை நிக்கிறார்."

"கிணத்துக்கையோ?"

"ஓம் பிள்ளை. சேறு எடுக்கினம். ரண்டு மாசமா ஊரார் கிணத்தைப் பற்றிக் கதைச்சது போதும், இனி எங்கட கிணத்தைப் பாருங்கோ எண்டு நான்தான் இறக்கி விட்டனான். நில்லுங்கோ, எட்டிக் குடுக்கிறன்."

தொலைபேசி கிணற்றுக்குள் நீண்டது. எதிரொலியோடு ஒரு குரல் மேலே வந்தது. "ஆர் பேசுறது?"

"ஐயா, நீங்கள் விலகிட்டியள் எண்டு சொல்லுறாங்கள்."

"எங்க விலக? ஏணியை வேற எடுத்திட்டினம், மேல ஏறவே வழியில்லை."

வதனி சிரிக்கவில்லை. "அந்தப் படம் ஐயா? மாலையோடை?"

"அது வாய்க்கால் திறப்பு விழா, பிள்ளை. நான் உத்தியோகத்திலை இருக்கேக்க எடுத்தது. அப்ப அவர் மந்திரி. வந்த எல்லாருக்கும் மாலை போட்டு எல்லாற்றை கையையும் தூக்கினவர். நீங்கள் என்ர தலையைப் பாக்கேல்லையோ? படத்திலை மயிர் கறுப்பாயெல்லோ கிடக்கு!"

சாவகச்சேரியில் நந்தனும் சிட்னியில் நானும் ஒரே நேரத்தில் படத்தைத் திறந்தோம். கன்னங்கரேலென்ற தலை. கடைசிக் கூட்டத்தில் பேசியவருக்குத் தலை பஞ்சு. ஒரு நாளாக ஒரு நாடே பார்த்த படம், மாலையைப் பார்த்தோம், கையைப் பார்த்தோம், ஒருத்தரும் தலையைப் பார்க்கவில்லை.

"அப்ப ஐயா, மறுத்து ஒரு அறிக்கை விடுங்கோவன்!"

"விடேலாது. இது பிரசாரம் செய்யக்கூடாத நாள். நான் இன்னும் நிக்கிறன் எண்டு சொன்னாலே அதுவும் பிரசாரம்தான். சட்டம் எண்டால் எனக்கும் சட்டம்." கிணற்றுக்குள் வாளி மோதிய சத்தம். "நீங்கள் எந்த ஊர் பிள்ளை?"

"இப்ப சிட்னி ஐயா. உங்களுக்கு வாக்குப் போட வந்தனான்."

வாளியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மிக மெதுவாக, உண்மையான அக்கறையோடு கேட்டார்: "சிட்னியிலையும் கிணறு உவர்க்குதோ?"

அப்போதுதான் வதனி சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண் துடைத்தாள்.

நந்தன் வாய் நுரையைத் துப்பாமல் நின்றான். தொகுதியில் இருக்கிற அத்தனை குழுக்களுக்கும் அந்தப் படத்தை அனுப்பியவன் அவன். "அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது. மேல இருந்து வந்தது, அப்பிடியே தட்டி விட்டனான்."

"இப்ப தெரியுந்தானே?"

"அழிச்சு விடுறன்."

"பாத்தவையின்ர கண்ணிலை இருந்து எப்பிடி அழிப்பாய்?"

அவன் முற்றத்தில் இரண்டு தரம் நடந்தான். பிறகு குனிந்து நின்று எழுதினான்: 'நான் அனுப்பிய படம் பழையது. தலைமயிரைப் பார்க்கவும்.' எல்லாக் குழுக்களுக்கும் போட்டான். அன்றைக்கு முழுக்க அவனுக்குக் கட்சி மேலிடத்திலிருந்து ஏச்சு. ஒவ்வொரு அழைப்புக்கும், "ஓம் ஓம், விளங்குது... அக்கா வந்து நிக்கிறா," என்று பதில் சொன்னானாம். அதைவிட நல்ல விளக்கம் அவனிடம் இல்லை.

இங்கே குகன் அண்ணையிடம் சொன்னேன். "படம் பழசெண்டால் பழசுதான்," என்றார். "ஆனா பார், அந்தக் காலத்திலையும் ரண்டு பேரும் எவ்வளவு ஒற்றுமை!"

6

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. பத்து மணிக்கே குகன் அண்ணை வந்து கதிரையில் குந்திவிட்டார். அபி சோளப்பொரிக் கிண்ணத்தோடு கீழே இறங்கி, யாரும் கூப்பிடாமல் என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

நந்தன் தன் மோட்டார் சைக்கிளிலேயே வதனியை ஏற்றிக்கொண்டு போயிருந்தான். தன்னுடைய ஆளுக்கு எதிரான ஒரு வாக்கை, தன்னுடைய பெற்றோலில். அவள் நீலப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனாள். வரிசையில் நின்ற ஒரு அம்மா, "ஆற்றை கலியாணம் பிள்ளை?" என்று கேட்டாவாம்.

எங்கள் நேரம் மத்தியானம் அளவில் திரை ஒளிர்ந்தது. வேப்பமரத்துக்குக் கீழே, வாக்குச்சாவடியிலிருந்து எட்டத்தில், நந்தன் பக்கத்தில் நிற்க, வதனியின் முகம். அப்படியொரு முகத்தை நான் பார்த்துக் கனகாலம்.

"போட்டிட்டன்!"

குகன் அண்ணைகூடக் கை தட்டினார்.

"சீட்டு இவ்வளவு நீளம், சேலைக் கரை மாதிரி. முப்பதுக்கு மேல பேர். நான் அவசரப்படேல்லை. மெசினுக்கு ஒண்டு போட்டன். பிறகு ஆறுதலா யோசிச்சு யோசிச்சு எல்லாருக்கும் போட்டு முடிச்சனான். வாசலிலை நிண்ட பெடியன் சுகமில்லையோ அன்ரி எண்டு கேட்டிட்டான்."

அபியின் கை நடுவழியில் நின்றது. "அம்மா... என்னத்தைப் போட்டனீங்கள் எல்லாருக்கும்?"

"இலக்கம்தான். ஒண்டு, ரண்டு, மூண்டு, கடைசி மட்டும். ஒரு பெட்டியும் வெறுமையா விடேல்லை."

"ஓ மை கோட்," என்றாள் அபி. போன தேர்தலில் இங்கே வாக்கு எண்ணுகிற தற்காலிக வேலைக்குப் போனவள் அவள். "அம்மா, அது இங்கத்தை சிஸ்ரம்!"

உங்களுக்குச் சொல்லவேண்டும். அவுஸ்திரேலியாவில் எங்கள் தொகுதிக்கு உறுப்பினரைத் தெரிவு செய்யும்போது சீட்டில் உள்ள எல்லாப் பெட்டிக்கும் ஒழுங்காக இலக்கம் போடவேண்டும். ஒன்றை விட்டாலும் வாக்கு வீண். சீட்டைத் தரும்போதே, 'எல்லாப் பெட்டியையும் நிரப்புங்கள்' என்று சொல்லித்தான் தருவார்கள். இத்தனை வருடமும் வதனி அப்படித்தான் போட்டாள். ஆனால் நம்மூரில் ஜனாதிபதியைத் தெரிவு செய்ய ஒருவருக்கு ஒன்று போட்டால் போதும். விரும்பினால் இரண்டாவது, மூன்றாவது விருப்பு. அதோடு சரி. ஆசையோடு போட விரும்பிய வாக்கில் அவளின் கை பழக்கத்தைப் போட்டுவிட்டது.

நந்தன் வேப்பமரத்தடியில் குந்திவிட்டான். சிரிப்பில் சொல் வரவில்லை. "அக்கா, சோதினையே எழுதினனி? கடைசி இலக்கம் ஆருக்கு?"

"உன்ர ஆளுக்கு," என்றாள் வதனி. சொல்லும்போதே அவளின் முகத்திலிருந்து வெளிச்சம் இறங்கியது. "டேய், அப்ப இது செல்லாதோ?"

நந்தன் சிரிப்பை நிறுத்தினான். இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கேட்டான். ஒன்று தெளிவாக இருந்தால் செல்லும் என்றார் ஒருவர். மேலதிகமாக எதைக் கீறினாலும் கழித்துவிடுவார்கள் என்றார் மற்றவர். எண்ணுகிற மேசையில் இருப்பவரின் கையில்தான் எல்லாம் என்றார்கள் இருவரும். அபி சட்டத்தைத் தேடினாள். மூன்று மொழியிலும் தேடினாள், அதில் ஒரு மொழியின் எழுத்தே அவளுக்குத் தெரியாது. உறுதியாக ஒன்றும் கிடைக்கவில்லை.

வதனி வாக்குச்சாவடிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பின்னால் வாக்குப் போட்டுவிட்டு ஆட்கள் சாதாரணமாக, மீன் வாங்கப் போகிறவர்களாக, போய்க்கொண்டிருந்தார்கள். "இவ்வளவு தூரம் வந்து," என்று தொடங்கினாள். முடிக்கவில்லை. படலைக்குள் நின்று வெறும் ரோட்டைப் பார்த்த முகம் அது. எனக்குத் திரைக்குள் கையை விடவேண்டும் போல இருந்தது.

குகன் அண்ணை இப்போது நக்கலாக ஏதாவது சொல்லப்போகிறார் என்று பயந்து அவரைப் பார்த்தேன். அவர் என் கையிலிருந்த தொலைபேசியை வாங்கித் தன் முகத்துக்குக் கிட்டப் பிடித்தார்.

"தங்கச்சி, இஞ்ச பார். நான் முப்பது வரியம் தபால் பிரிச்சவன். விலாசம் பிழையான கடிதத்தையும் ஒருத்தன் கையிலை எடுத்து, வாசிச்சு, யோசிச்சுத்தான் மற்றப் பெட்டிக்குள்ள போடுவான். உன்ர சீட்டை ஒருத்தன் கட்டாயம் வாசிப்பான். முழுக்க வாசிப்பான். அவ்வளவு இலக்கம் எழுதின ஆளை அவன் வாழ்நாளிலை மறக்கமாட்டான்."

வதனி மூக்கை உறிஞ்சினாள். "உங்கட ஆளைக் கடைசியிலை போட்டதையும் வாசிப்பான் அண்ணை."

"அதை வாசிக்கேக்க அவன் கண்ணாடியைக் கழட்டியிருக்கக் கடவது," என்றார் குகன் அண்ணை.

7

யார் ஜனாதிபதியானார் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்காக இதை நான் எழுதவில்லை.

ஞாயிறு காலை, சிட்னியில் நல்ல வெயில். அபி தன்னுடைய மடிக்கணினியைக் குசினி மேசையில் வைத்து, தொகுதி தொகுதியாக முடிவு வர வர வாசித்தாள். ஊர்ப் பெயர்களை அவள் உச்சரிக்கும்போது அவை புதிதாகச் சாயம் பூசிய வீடுகள்போல இருந்தன. திருத்தவேண்டும் என்று வாய் உன்னியது, திருத்தவில்லை. பல் தீட்டாமல், தலை இழுக்காமல், ஒரு தீவின் தேர்தல் முடிவுக்காக அவள் உட்கார்ந்திருந்தாள். காணொளியில் வதனியும் நந்தனும் முற்றத்தில் தேத்தண்ணியோடு. அங்கே இன்னும் சரியாக விடிந்திருக்கவில்லை.

"வந்திட்டுது!" என்று அபி கத்தினாள். "சாவகச்சேரி!"

மேலேயிருந்து கீழே இறங்கினாள். பெரிய கட்சி, மற்றப் பெரிய கட்சி, அடுத்தது, அதற்கு அடுத்தது. கனதூரம் இறங்கிய பிறகு தையல் மெசின். ஒரு சின்ன எண். அத்தனை பேரையும் ஒரு கலியாண மண்டபத்தில் அடக்கலாம், சாப்பாடும் போடலாம். அதற்கும் கீழே, எல்லாருக்கும் அடியில், 'நிராகரிக்கப்பட்டவை' என்று வேறொரு எண். அது மெசினுடையதைவிடப் பெரிது.

நந்தன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அம்மா, ஆர் யூ ஓகே?" என்றாள் அபி.

"இஞ்சருங்கோ," வதனி என்னைத்தான் கூப்பிட்டாள். "அந்த ரண்டையும் திருப்பி வாசியுங்கோ."

வாசித்தேன். முதலில் மெசின். பிறகு நிராகரிக்கப்பட்டவை.

அவள் கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு தேத்தண்ணியை எடுத்து ஒரு வாய் குடித்தாள். முகம் சுளித்தாள், கிணறு உண்மையாகவே உவர்த்திருக்கவேண்டும், ஆனால் சிரிப்பு அந்தச் சுளிப்பையும் தாண்டி வந்தது.

"ரண்டிலை ஒண்டுக்குள்ள நான் இருக்கிறன்," என்றாள். "இவ்வளவு காலமும் நான் ஒண்டுக்குள்ளயும் இருக்கேல்லை."